சங்கம் வெட்டிய கிணறும் வெட்டாத கிணறும்

கொழும்பில் பல்கலைக்கழகத்தில் படிக்கிற இரண்டு பிள்ளைகள் போன மாதம் என்னைத் தேடி வந்தார்கள். லீவுக்கு யாழ்ப்பாணம் வந்தவர்கள். சமூக நீதியில் அக்கறையுள்ள மாணவர்களுக்காக அங்கே ஒரு சங்கம் தொடங்கப் போகிறார்களாம். படிக்கிற காலத்திலேயே கிராமத் தொண்டில் இறங்க என்னென்ன வழிகள் உண்டு, எப்படித் தொடங்குவது என்று, முன்பு இதே வேலையைப் பார்த்தவனிடம் கேட்டுப்போக வந்திருந்தார்கள். ஒருவர் நான் முன்பு படிப்பித்த கல்லூரியின் பழைய மாணவர். கல்லூரியின் ஆண்டு மலர் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். தாழ்த்தப்பட்ட மக்களுக்கு எங்கள் சமூக சேவைச் சங்கம் இரண்டு கிணறுகள் வழங்கியது என்று அதில் அச்சிட்டிருக்கிறது.

"அந்த ரண்டு கிணறும் எப்பிடி வெட்டினனீங்கள் எண்டு சொல்லுங்கோ சேர்," என்றார்.

வெட்டியது ஒன்றுதான் என்றேன். அவர் சிரித்தார். கிழவர் அடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டது, எனக்கும் உட்கார்ந்து நெடுநேரம் பேசத் தெம்பில்லை. தேத்தண்ணி கொடுத்து, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வழியனுப்பிவிட்டேன். சொன்ன வாக்குக்காக எழுதுகிறேன். உற்சாகம் தரும் என்று எதிர்பார்த்துப் படிக்க வேண்டாம்.

பயிற்சிக் கலாசாலையில் படித்ததையும், சின்னப் பள்ளிக்கூடங்களில் அலைந்ததையும் விட்டுவிடுகிறேன். எல்லா வாத்தியார்மாரும் பட்ட பாடுதான் அது. பிறகு வலிகாமத்தில் ஒரு கல்லூரியில் கணிதம் படிப்பிக்க இடம் கிடைத்தது. கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். லண்டன் பரீட்சைக்குப் படிக்கிற மேல்வகுப்புப் பெடியன்களும் அங்கே விடுதியில் இருந்தார்கள். விடுதியையும் சங்கத்தையும் சேர்த்து என் தலையில் கட்டினார்கள். கலியாணம் ஆகாதவன், வேறு என்ன வேலை இவனுக்கு என்று நினைத்தார்கள்போலும். கலியாணம் ஆன பிறகும் அந்தப் பொறுப்பு என்னை விட்டுப் போகவில்லை.

அந்தக் காலத்துப் பெடியன்களுக்கு இரத்தம் சூடாக இருந்தது. கதர் கட்டினார்கள். பள்ளிக்கூடங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்க வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது என்றும், அதைப் பொறுக்காதவர்கள் சில இடங்களில் கொட்டில் பள்ளிகளைக் கொளுத்திவிட்டார்கள் என்றும் கதை வந்த நாட்கள் அவை. சங்கத்தில் சேர ஆளுக்கு ஆள் முந்தினார்கள். சேர்ந்தவனுக்கு வேலைக்குக் குறைவில்லை. மாலைப் பள்ளி, வாசிகசாலை, கொலரா வந்தால் வீடு வீடாகப் போய்க் கிணற்றுக்கு மருந்து போடுவது, சனிக்கிழமைகளில் உடல் உழைப்பு. உடல் உழைப்புக்குத்தான் பெடியன்கள் போட்டி போட்டு அடிபட்டார்கள். மண்வெட்டி பிடித்துக் கை கொப்பளித்தால், திங்கட்கிழமை அந்தக் கையைத் தெரியும்படி மேசைமேல் வைத்துக்கொண்டு இருப்பான்கள்.

எந்த வேலையைத் தொடங்குவதானாலும் பிரின்சிப்பலிடம் போக வேண்டும். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெலிந்த, நெடிய மனிதர். சால்வையைக் கழுத்தோடு சுற்றி, ஒரு முனையை எப்போதும் வலப்பக்கம் தொங்கவிடுவார். ஒருவர் விஷயம் சொல்லும்போது உட்காரமாட்டார். சொல்பவரையும் உட்காரச் சொல்லமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சால்வை முனையால் துடைத்துக்கொண்டே கேட்பார். துடைத்து முடிந்து கண்ணாடி மூக்கில் ஏறினால், நீங்கள் சொல்வதும் முடிந்துவிட வேண்டும். பிறகு ஒரே ஒரு கேள்வி வரும்.

"ஆரைக் கேட்டனீர்?"

வேலை தேவை என்று யார் சொன்னது, யாருடைய வாயால் கேட்டீர் என்பதுதான் அதன் பொருள். வாசிகசாலை வைக்கப் போனாலும் அந்தக் கேள்விதான், ஒழுங்கையைத் திருத்தப் போனாலும் அந்தக் கேள்விதான். நாளடைவில் பெடியன்கள், அரசாங்கத்தின் ஊர்த்தலைவரான விதானையாரையோ கோவில்காரரையோ முதலே கேட்டு, பதிலை ஆயத்தம் பண்ணிக்கொண்டு போகப் பழகிவிட்டார்கள். "விதானையாரைக் கேட்டம் சேர்." "கோவில் முதலாளியைக் கேட்டம் சேர்." அவர் தலையசைப்பார், நாங்கள் மண்வெட்டி எடுப்போம்.

அப்போது சங்கச் செயலாளராக இருந்தவன் நடராசா. தகப்பன் இல்லாத பெடியன். தாய்மாமன் வேலுப்பிள்ளைதான் வளர்த்துப் படிப்பித்தார். வேலுப்பிள்ளை அந்த ஊரில் பெரிய கமக்காரர். புகையிலைத் தோட்டம், கோவில் திருவிழா, ஊர்ப் பஞ்சாயத்து எல்லாவற்றிலும் அவர் சொல்தான் கடைசிச் சொல். அம்மான் என்றால் நடராசாவுக்கு உயிர். படிப்பிலும் கெட்டிக்காரன், பேச்சிலும் கெட்டிக்காரன். ஒரு குறை, எதையும் பெரிதாகச் செய்ய வேண்டும் அவனுக்கு.

ஊரின் நல்லதண்ணிக் கிணறு கோவில் காணியில் இருந்தது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கிணறு உண்டு. ஆனால் குடிக்க உதவுகிற தண்ணீர் எல்லாக் கிணற்றிலும் இல்லை. கடலேரிக்குக் கிட்டப் போகப் போக உப்புக் கரிக்கிற சவர். ஆகவே காலையும் மாலையும் ஊர்ப் பெண்கள் எல்லோரும் குடத்தோடு அந்த ஒரு கிணற்றடிக்குத்தான் வருவார்கள். கடலேரிப் பக்கக் குறிச்சியில் இருந்த தாழ்த்தப்பட்ட மக்களும் அங்கேதான் வருவார்கள். வந்து வேலியோரம் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். அவர்கள் துலாக் கயிற்றைத் தொடக்கூடாது. யாராவது மனம் வைத்து அள்ளி, உயரப் பிடித்து அவர்கள் குடத்தில் ஊற்ற வேண்டும். மனம் வைக்க நேரமாகும். பொழுது ஏறும்வரை நிற்பார்கள்.

நடராசா இதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன். ஒரு நாள் வந்து, குறிச்சிக்கு நாங்களே ஒரு கிணறு வெட்டிக் கொடுப்போம் என்றான். என் மனம் நிறைந்துவிட்டது. இரண்டு பேரும் பிரின்சிப்பலிடம் போனோம். கண்ணாடி துடைத்து முடிந்தது.

"ஆரைக் கேட்டனீர்?"

"விதானையாரைக் கேட்டனான் சேர். அம்மானையும் கேட்டனான். அவருக்கு வலு சந்தோஷம். காணித்துண்டு தானே விடுகிறன் எண்டவர்."

பிரின்சிப்பல் தலையசைத்தார்.

அந்தச் சனிக்கிழமைகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. மேலே செம்மண், கொஞ்சம் இறங்கினால் சுண்ணாம்புக் கல். குழிக்குள் கல்லுடைக்க அலவாங்கு பிடிக்கிற கூட்டம் ஒன்று, கல்லையும் மண்ணையும் கடகத்தில் வாங்கி மேலேற்றுகிற கூட்டம் ஒன்று. களைத்தவன் ஏறுவான், இருந்தவன் இறங்குவான். பாணும் சம்பலும் விடுதியிலிருந்து வரும். தண்ணீரும் விடுதியிலிருந்தே அண்டாவில் வண்டியேறி வரும். குறிச்சி மக்கள் தூரத்தில் நின்று பார்ப்பார்கள். அலவாங்கு பிடிக்க அவர்களில் வலிய ஆட்கள் இருந்தார்கள். ஆனால் இது மாணவர் உழைப்பு என்று நடராசா அவர்களை இறங்க விடவில்லை.

தண்ணீர் ஊறியது. தித்திப்பாகவும் இருந்தது. ஆனால் முழங்கால் அளவுதான். திறப்பு விழாவுக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருவதாக ஒழுங்கு. அவர் வாளியை விடும்போது அது சேற்றில் உரசினால் சங்கத்துக்கு வெட்கம் என்று நடராசா தவித்தான். இன்னும் இறக்குவோம் என்றான். எங்கள் நிலத்தில் நல்ல தண்ணீர் மேலே, உப்புத் தண்ணீர் கீழே. ஆழ இறக்கினால் சவர் ஏறும் என்பது இங்கே பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கல்லை உடைத்தான்கள். ஒரு வெடிப்பு வழியாகத் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. எல்லோரும் கத்திக்கொண்டு நனைந்தான்கள். குடித்துப் பார்த்தோம், தித்திப்புத்தான். மாரி பெய்து ஓய்ந்த நேரம், வேறு எப்படி இருக்கும்?

விழா நன்றாக நடந்தது. தோரணம் கட்டி, மேளம் வைத்து, பெரிய மனிதர் முதல் வாளியை அள்ளினார். பிறகு மேடையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் அந்தத் தண்ணீர் பரிமாறப்பட்டது. எல்லோரும் குடித்து முடித்த பிறகுதான் கிணறு குறிச்சியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த ஒழுங்கை யாரும் திட்டம் போட்டு வைக்கவில்லை. அவர்கள் கை பட்ட பிறகு மேடைக்காரர் குடிக்கமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் தானாகவே அப்படி அமைந்துவிட்டது. சமத்துவத்தைப் பற்றி அன்று ஐந்தாறு பேர் பேசினார்கள்.

பங்குனி வெயிலில் கிணறு சவராகிவிட்டது. முதலில் கொஞ்சம் கரித்தது, பிறகு வாயில் வைக்க முடியவில்லை. குறிச்சிப் பெண்கள் பழையபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு நல்லதண்ணிக் கிணற்றடிக்குப் போய் வேலியோரம் நின்றார்கள். இந்த முறை ஒருவரும் ஊற்றவில்லை.

"உங்களுக்கெண்டு பெடியள் கிணறு வெட்டித் தந்திட்டாங்கள். பிறகேனடி இஞ்சை வாறியள்?" என்று கேட்டார்களாம்.

இது எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியவைத்தவள் செல்லி. குறிச்சியில் இருந்த இளம் பெண், கைப்பிள்ளைக்காரி. ஒரு நாள் காலையில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கல்லூரிக்குள் நடந்து வந்தாள். அவர்களில் யாரும் அப்படி உள்ளே வந்ததை நான் அதற்குமுன் கண்டதில்லை. காவற்காரன் பின்னால் சத்தம் போட்டுக்கொண்டு வந்தான். அவள் நேரே பிரின்சிப்பலின் கந்தோர்ப் படியில் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, கீழே முற்றத்தில் இறங்கி நின்றாள். பிரின்சிப்பல் வெளியே வந்தார். நானும் ஓடிப்போனேன்.

"உங்கடை கிணத்துத் தண்ணி ஐயா. ஒருக்காக் குடிச்சுப் பாருங்கோ," என்றாள்.

பிரின்சிப்பல் உள்ளே போய்த் தானே ஒரு தம்ளர் எடுத்து வந்தார். குடத்தைச் சரித்து வார்த்தார். ஒரு மிடறு குடித்துவிட்டு வைத்துவிடுவார் என்று நினைத்தேன். முழுவதையும் குடித்தார். முகம் சுளிக்கவில்லை, துப்பவுமில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

"இந்தக் கிணறு வெட்ட முன்னம் உங்களிலை ஆரையும் கேட்டவையோ?"

"இல்லை ஐயா. எங்களை ஆர் கேக்கிறது?"

"கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்?"

'நீ' என்னாமல் 'நீர்' என்ற முறையில் அவர் கேட்டதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கிணறு வேண்டாம், கயிறு தாங்கோ எண்டிருப்பன் ஐயா. ஊரிலை நல்ல தண்ணி இருக்கு. அள்ளத்தான் விடுகினமில்லை."

பிரின்சிப்பல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு நேரம் துடைத்ததை நான் வேறொரு நாளும் காணவில்லை.

கயிறு கேட்பது ஊரோடு பேச வேண்டிய காரியம், அதுவரை குறிச்சி தாகத்தில் கிடக்க முடியாது என்பதால் அவர் ஓர் ஏற்பாடு செய்தார். காலையும் மாலையும் இரண்டிரண்டு பெடியன்கள் நல்லதண்ணிக் கிணற்றடியில் நின்று குறிச்சியாருக்கு அள்ளி ஊற்ற வேண்டும். அந்த வேலைக்கு வந்த அமளியைச் சொல்லி முடியாது. தங்கள் முறை வரவில்லை என்று சண்டை பிடித்தான்கள். ஊர்ப் பெண்கள் "நல்ல பிள்ளையள்" என்று மெச்சினார்கள். வேலுப்பிள்ளை பெடியன்களுக்குப் பால் தேத்தண்ணி கொடுத்துவிட்டார். நல்ல சாதிக்காரன் அள்ளி ஊற்றுவது ஊர் வழமைதானே. மருமகன் தருமம் செய்கிறான் என்று அவருக்குப் பெருமை. எங்கள் சங்கத்தின் வேலைகளிலேயே எல்லோருக்கும் பிடித்த வேலை அதுதான். யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை.

செல்லி மட்டும் ஒவ்வொரு நாளும் நடராசாவைக் கேட்பாள்: "தம்பியவை, லீவுக்கு நீங்கள் எல்லாரும் வீட்டை போனால் எங்களுக்கு ஆர் ஊத்துறது?"

சித்திரை லீவு வந்துகொண்டிருந்தது. நடராசாவும் நானும் வேலுப்பிள்ளையிடம் போனோம். வரவேற்றார், பலகாரம் வைத்தார், சுகம் விசாரித்தார்.

"அம்மான், அவையளே அள்ளட்டும். ஒரு கயித்தைத் தொடுறதாலை என்ன வரப்போகுது?" என்றான் நடராசா.

"நான் மறிக்கேல்லை தம்பி. ஊர் மறிக்குது."

"ஊர் எண்டால் ஆர்?" என்று நான் கேட்டேன்.

"ஊர் எண்டால் ஊர்தான் வாத்தியார்," என்று சொல்லி இன்னொரு பலகாரத்தை என் தட்டில் வைத்தார். அவர் கெட்டவரில்லை. இன்றைக்கும் அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் அது இன்னும் கஷ்டம்.

பள்ளித் தவணையின் கடைசி நாள் காலை. பெடியன்களின் பெட்டிகள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. ரயிலுக்குப் போகிற அவசரம். கடைசி முறை நடராசாவுடையது. நானும் போயிருந்தேன். அவன் ஒரு குடம் ஊற்றி முடித்துக் கயிற்றை விட்டதும், செல்லி வேலியோரத்திலிருந்து வந்தாள். கிணற்றுக் கட்டில் ஏறினாள். கயிற்றைப் பிடித்தாள்.

கிணற்றடியில் நின்ற பெண்கள் பின்வாங்கினார்கள். துலா இழுத்து அவளுக்குப் பழக்கமில்லை. வாளி கட்டில் மோதி, பாதித் தண்ணீர் சிந்திவிட்டது. மிச்சத்தைத் தன் குடத்தில் தானே ஊற்றினாள். மறுபடியும் வாளியை விட்டாள். நடராசா அசையாமல் நின்றான். யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, வேலுப்பிள்ளை வந்துவிட்டார்.

"கயித்தை விடடி."

"அம்மான், நான்தான் அள்ளச் சொன்னனான்," என்றான் நடராசா.

செல்லி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "அந்தப் பிள்ளை சொல்லேல்லை, நயினார். எனக்குத் தண்ணி வேணும், நான் எடுத்தனான்," என்றாள்.

இரண்டாவது வாளியையும் ஊற்றிவிட்டுத்தான் கிணற்றுக் கட்டிலிருந்து இறங்கினாள். வேலுப்பிள்ளை அவளை ஒன்றும் செய்யவில்லை. மருமகனைப் பார்த்துத்தான் பேசினார்.

"என்ரை பிள்ளை மாதிரி வளர்த்தனான். இனி என்ரை படலையைத் திறந்து வராதை."

நடராசா அந்த லீவு முழுக்க விடுதியில் தனியாக இருந்தான். பரீட்சை எழுதிவிட்டு மலாயாவுக்குப் போனான். அங்கிருந்து அம்மானுக்கு எழுதினான் என்று கேள்வி. பதில் வந்ததாகக் கேள்விப்படவில்லை. மாமன் இறந்தபோதும் அவன் வரவில்லை.

அன்று மாலையே ஊரார் துலாவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கோவில் காணிக் கிணறு ஊருக்குப் பொது, ஒருவரையும் மறிக்க முடியாது என்று பிரின்சிப்பல் விதானையாரோடு வாதாடினார். விதானையாரும் ஒத்துக்கொண்டார். வேலுப்பிள்ளையும் மறுக்கவில்லை. அவர் தன் வீட்டு வளவுக்குள் மேட்டு மூலையில் புதுக் கிணறு ஒன்று வெட்டினார், அளவறிந்து, ஆழம் போகாமல். அதில் தித்திப்பான தண்ணீர் வந்தது. ஊர்ப் பெண்கள் எல்லோரும் அங்கே போகத் தொடங்கினார்கள். கோவில் காணிக் கிணற்றடிக்கு அவர்களில் ஒருத்தியும் பிறகு வரவில்லை. குறிச்சியார் தங்கள் சொந்தக் கயிற்றைக் கட்டி அள்ளினார்கள். யாரும் தடுக்கவில்லை. அந்தக் கிணற்றுக்குக் குறிச்சியாரின் பெயரே வந்துவிட்டது.

அந்த ஆண்டுக் கூட்டத்தில் புதிய செயலாளர் அறிக்கை வாசித்தார். சங்கத்தின் முயற்சியால் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு இரண்டாவது கிணறும் கிடைத்தது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பிரின்சிப்பல் தட்டவில்லை, கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். அந்த அறிக்கைதான் வருடா வருடம் மலருக்கு மலர் தாவி, போன மாதம் என் வீட்டு விறாந்தைக்கும் வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகும் பல வருடம் சங்கத்தை நடத்தினேன். யுத்தம் வந்தது, அரிசிக்கு வரிசை வந்தது, பெடியன்கள் வந்தார்கள், போனார்கள். மாலைப் பள்ளியில் படித்தவர்களில் நாலைந்து பேர் நல்ல நிலைக்கு வந்தார்கள். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் களைத்துப் போனேன். ஓய்வு பெற்றபோது எனக்கு மாலை போட்டார்கள். வீட்டுக்கு வந்து நெடுநேரம் படுத்துக் கிடந்தேன்.

இதை எழுத உட்காருமுன் ஒரு தரம் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று தோன்றியது. எங்கள் கிணற்றில் பாசி. ஆடுமாடுகூடக் குடிப்பதில்லை. கோவில் காணிக் கிணற்றடிக்கு நடந்தேன். செல்லி அங்கே அள்ளிக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். தாகமாக இருக்கிறது என்றேன்.

"நான் ஊத்தினால் குடிப்பியளோ வாத்தியார்?" என்று சிரித்தாள்.

இரண்டு கையையும் ஏந்தினேன். ஊற்றினாள். நல்ல தண்ணீர். போதும் என்று சொல்ல மனம் வராமல் குடித்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கடைசியிலை உங்களுக்குக் கிணறு கிடைச்சிட்டுது, செல்லி," என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்பதற்காகச் சொன்னதுதான்.

அவள் வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்தாள். வேலுப்பிள்ளை வீட்டு வளவுப் பக்கம் பார்த்தாள். அங்கே பெண்கள் கதைத்துச் சிரிக்கிற சத்தம் வேலிக்கு இங்காலும் கேட்டது.

"நான் கேட்டது கயிறு, வாத்தியார். எனக்கு முன்னாலை ஒருத்தி, பின்னாலை ஒருத்தி நிக்க, என்ரை முறைக்கு நானும் அள்ளவேணும் எண்டு கேட்டனான். அவை கிணத்தையே விட்டிட்டுப் போட்டினம்."

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

பிள்ளைகளே, நீங்கள் கேட்டதற்கு நான் எழுதக்கூடியது இவ்வளவுதான். அந்த மலரில் இருக்கிற பிழையைத் திருத்தும்படி கல்லூரிக்கு எழுதலாம் என்று இரண்டு நாள் காகிதத்தை எடுத்து வைத்திருந்தேன். இரண்டு என்பதை வெட்டிவிட்டு அந்த இடத்தில் எதை எழுதச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.